காத்து வரணும், தண்ணி வரக்கூடாது!

"பாலாத்துல மணலே மிச்சம் இல்ல, இதுல ஜெட் ஸ்கீ பத்தி எதுக்குக் கட்டுரை?"ன்னு நீங்க கேக்கறது புரியுது. ஆனா 2021 நவம்பரை நினைச்சுப் பாருங்க. அதே பாலாறு கரை தொட்டு ஓடுச்சு. முழங்கால் தண்ணியில பைக்கை விட்டு, நடுவழியில நின்னதும் செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்திக்கிட்டே இருந்தவங்க நம்மள்லயே இருப்பாங்க. அந்த பட்டனை ஏன் அழுத்தக் கூடாதுன்னு, தண்ணியிலயே பொழைக்கிற ஒரு இன்ஜின்கிட்ட கத்துக்கலாம்.

ஒரு செகண்டுக்கு நாலு கேன்

உட்கார்ந்து ஓட்டுற வாட்டர் ஸ்கூட்டரை நம்ம கடற்கரைப் பக்கம் பாத்திருப்பீங்க. நின்னுக்கிட்டு ஓட்டுற வகையும் உண்டு; கவாசாகி 1973ல 'ஜெட் ஸ்கீ'ங்கற பேர்ல விட்டது அதைத்தான். ஆளை விடக் கொஞ்சம் நீளமான ஒரு ஃபைபர் கூடு, அதாவது ஹல். இன்ஜின், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் அதுக்குள்ள. மேல ரப்பர் சீல் வச்ச மூடி.

இப்போ ஒரு கணக்கு. யமஹா சூப்பர்ஜெட்ல 2020 மாடல் வரைக்கும் இருந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் 701 சிசி. டூ-ஸ்ட்ரோக்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மூச்சு. 6,500 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்குச் சுமார் 4,550 லிட்டர், செகண்டுக்கு 76 லிட்டர் காத்து வேணும். ஹாஸ்டல்ல இருக்கிற 20 லிட்டர் வாட்டர் கேன்ல கிட்டத்தட்ட நாலு! நம்ம 150 சிசி பைக் 8,000 ஆர்பிஎம்ல கேக்கறது செகண்டுக்கு 10 லிட்டர்தான்.

இந்த 76 லிட்டரும் 50 மில்லிமீட்டர் குழாய் ஒண்ணு வழியா மட்டும் வந்தா, காத்தோட வேகம் செகண்டுக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். புயல்! அந்த வேகம் தெறிக்கிற தண்ணித் துளியையும் சேர்த்து உள்ள இழுத்துடும். அதுவே 75 மில்லிமீட்டர் குழாய் ரெண்டு வச்சா மணிக்கு 31 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துல, குழாய் மேல ஏறி வளைஞ்சு கீழ இறங்கினா, காத்து திரும்பிடும். கனமான துளி திரும்ப முடியாம சுவத்துல மோதி வடிஞ்சிடும்.

மாடிஃபிகேஷன்ல நடக்கிற தப்பு

பெரிய கார்புரேட்டர் போடுவாங்க, ஹல்லோட காத்து வழியைத் தொட மாட்டாங்க. உள்ள அழுத்தம் குறையும், பெட்ரோல்-காத்து கலவை ரிச் ஆகும், இன்ஜின் திணறும். இன்னொரு கூட்டம் மூடியில நேரா ஓட்டை போடும். முதல் அலையிலயே தண்ணி உள்ள. மூணாவது கூட்டம் தண்ணிக்குப் பயந்து இருக்கிற ஓட்டையையும் அடைக்கும். இதுதான் ரொம்ப ஆபத்து. ஏன்னா ஹல்லுக்குக் காத்து வேண்டியது இன்ஜினுக்காக மட்டும் இல்ல.

பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். மேல போகாது, ஹல்லோட அடியில போய்த் தேங்கும். காத்துல சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். அதனாலதான் காத்தோட்டக் குழாய் ஒண்ணாவது ஹல்லோட அடி வரைக்கும் போகணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காத்தாட விடச் சொல்றதும் இதுக்குத்தான். கார்புரேட்டர் வாயில இருக்கிற ஃப்ளேம் அரெஸ்டரும் சும்மா இல்ல. பேக்ஃபயர் ஆனா தீ ஹல்லுக்குள்ள வராம தடுக்குது. "ஏர் ஃப்ளோ கம்மியாகுது"ன்னு அதைக் கழட்டறது தற்கொலை.

மூணு டீஸ்பூன் தண்ணி

சரி, பைக்குக்கு வருவோம். 150 சிசி, கம்ப்ரஷன் ரேஷியோ 10:1னா, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 150 ÷ 9, சுமார் 17 மில்லி. மூணு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவு தண்ணி உள்ள இருந்தா பிஸ்டன் மேல வரவே முடியாது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. ஓடுற இன்ஜின்ல இது நடந்தா கனெக்டிங் ராடு வளையும். நின்ன இன்ஜினை ஸ்டார்ட்டர் போட்டு சுத்த வச்சாலும் அதே ஆபத்துதான். அதனால தண்ணியில நின்னா பட்டனைத் தொடாதீங்க. தள்ளிட்டு வாங்க, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு சுத்த விடுங்க, தண்ணி வெளிய வரும். ஜெட் ஸ்கீ தண்ணி குடிச்சாலும் இதே வைத்தியம்தான். ஏர் பாக்ஸைத் தூக்கிட்டு கோன் ஃபில்டர் போட்டவங்க கவனிங்க: கம்பெனிக்காரன் சீட்டுக்கு அடியில உயரமா வச்ச மூக்கை, நீங்க கீழ இறக்கியிருக்கீங்க.

நம்ம ஊர்த் தொட்டி

அடியில தேங்குற கனமான வாயு நம்ம டேனரிகள்லயும் இருக்கு. தோல்ல முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடறாங்க. அந்தக் கழிவு, பிக்கிள் பண்ற இடத்து அமிலக் கழிவோட தொட்டியில சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். இதுவும் காத்தை விடக் கனம். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்தான், ஆனா அளவு கூடினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு"ன்னு இறங்கறதும், விழுந்தவரைக் காப்பாத்த அடுத்தவர் குதிக்கறதும் இப்படித்தான் ரெண்டு மூணு உயிரைச் சேர்த்து எடுக்குது. மேல் மூடியைத் திறந்து வச்சா மட்டும் அந்த வாயு போகாது. ப்ளோயர் குழாய் அடி வரைக்கும் போகணும், மீட்டர் வச்சுப் பாத்த பிறகுதான் ஆள் இறங்கணும்.

அடுத்த தடவை டேனரிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனா, தொட்டிப் பக்கம் நின்னு ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, ப்ளோயர் குழாய் எது வரைக்கும் போகுது?"