பைப் சுழல, கை நிற்க

கல்முனையிலிருந்து ஏ4 வீதியில் அக்கரைப்பற்றுப் பக்கம் போனால் கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டு பக்கத்து இரும்பும் வீதியோரத்து வெல்டிங் கடைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. கேற், ஜன்னல் கிரில் என்று நேர்கோட்டு வேலைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதில் வட்டமானவை ஏராளம்: சேற்றில் ஓடும் லேண்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லு, நீர்ப்பம்பியின் குழாயும் அதன் வாயில் ஒட்டும் பிளேஞ்சும், அரிசி ஆலையின் நீராவிக் குழாய், படகு எஞ்சினின் புகைக்குழாய்.

வட்டம்தான் வெல்டரின் கையைச் சோதிக்கும். நேர்கோட்டில் கை ஒரே சாய்வில் நகர்ந்துகொண்டே போகலாம். குழாயைச் சுற்றிப் போகும்போது மணிக்கட்டு ஓரளவுக்குத்தான் வளையும். கால்வாசி ஒட்டியதும் நிறுத்தி, குழாயைப் புரட்டி, கசடைத் தட்டி, மறுபடி ஆர்க் பிடிக்க வேண்டும். கசிவு வருவது பெரும்பாலும் இப்படி நிறுத்தித் தொடங்கிய இடங்களில்தான். பூசிய பெயின்ற்றுக்குக் கீழே ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தால் போதும். மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். "காக்கா, ஒட்டின இடத்திலேயே திரும்ப ஒழுகுது" என்று பம்பைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்து நிற்பது இதனால்தான்.

வெல்டிங் தேர்வுகளில் இந்த வித்தியாசத்துக்குத் தனிப் பெயர்களே உண்டு. கிடையாகக் கிடக்கும் குழாய் சுழல, வெல்டர் மேலிருந்து ஒட்டினால் அது 1ஜி. குழாய் அசையாமல் கிடக்க, வெல்டர் கீழும் பக்கமும் மேலுமாகச் சுற்றி ஒட்டினால் 5ஜி. கைபேசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்னது பழகுநருக்கும் சீக்கிரம் கைவரும். பின்னது வருடக்கணக்கான கைப்பழக்கம் கேட்கும். குழாயைப் பிடித்து மோட்டரால் மெல்லச் சுழற்றும் சுழல்மேசை செய்வதெல்லாம் 5ஜி வேலையை 1ஜி ஆக்கிவிடுவதுதான்.

பெரிய ஆலைகள் இதை எப்போதோ செய்துவிட்டன. திருச்சியில் 1965 முதல் கொதிகலன் செய்யும் பாரத் மிகுமின் நிறுவனத்தில், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள டிரம்கள் உருளைகளின் மேல் மெல்லச் சுழல, வெல்டிங் தலை நின்ற இடத்திலேயே நின்று ஒட்டும். 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது. கல்முனைக் கடைக்கு நூறு டன் வேண்டாம். பத்து, இருபது கிலோ சுழன்றால் போதும். அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது.

சுழற்றுவது சுலபம். மெதுவாகச் சுழற்றுவதுதான் வித்தை.

இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 60 மில்லிமீற்றர், சுற்றளவு 189. நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் வேகத்தில் ஒட்டினால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நிமிடம். 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளேஞ்சின் விளிம்பு என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல். பழைய வாகனத்தில் கழற்றிய வைப்பர் மோட்டரோ குறைந்த வேகத்திலேயே நிமிடத்துக்கு நாற்பது சுற்று அளவில் ஓடும். மோட்டர் சைக்கிளின் 14 பல், 42 பல் ஸ்புரொக்கற்றையும் செயினையும் மாட்டினால் மூன்றில் ஒன்றாகக் குறையும், போதாது. 30க்கு 1 வேர்ம் கியர் பொக்ஸ் ஒன்று அகப்பட்டால் அந்த நாற்பது ஒன்றேகாலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அதற்குக் கீழே கூட்டிக் குறைக்க டீசி மோட்டர் கொன்ட்ரோலர். வேர்மில் இன்னொரு நன்மை, பாரம் ஒரு பக்கம் இழுத்தாலும் மேசை தானாகப் பின்னால் உருளாது. 1,440 சுற்று ஓடும் சாதாரண மோட்டரில் மின்விசிறி ரெகுலேற்றரை மாட்டி வேகம் குறைக்கப் பார்ப்பது வீண். மோட்டர் முனகிச் சூடேறும்.

மோட்டரைவிட முக்கியமானது எர்த். மின்சாரம் ரொட் வழியாக வேலைப்பொருளுக்குப் போய், எர்த் கேபிளில் திரும்பி வர வேண்டும். சுழலும் பொருளில் கிளாம்பை மாட்டினால் கேபிள் சுற்றிக்கொள்ளும். சட்டத்தில் மாட்டினால் நூறு அம்பியர், பெயாரிங்கின் குண்டுகளுக்குள்ளால் பாயும். குண்டும் தடமும் தொடும் இடங்களில் பொறி தெறித்து, பளபளப்பான எஃகில் பொடிப்பொடிக் குழிகள் விழும். கொஞ்ச நாளில் மேசை கரகரக்கும், பிறகு திக்கித் திக்கிச் சுழலும். திக்கும் மேசையில் ஒட்டுவதைவிடக் கையாலேயே ஒட்டிவிடலாம்.

இதற்கு மருந்து, தண்டைத் தொட்டபடி நிற்கும் பிரஷ். பழைய ஸ்டார்ட்டர் மோட்டரில் கழற்றிய செம்பு கலந்த கார்பன் பிரஷ்கள் இரண்டை, கடைசல் பட்டறையில் மழமழவென்று கடைந்த தண்டின் மேல் ஸ்பிரிங் வைத்து அழுத்த வேண்டும். எர்த் கேபிள் நேரே அந்தப் பிரஷ்ஷில் முடியும். தண்டின் அந்த இடத்தில் பெயின்ற்றோ கிரீஸோ படக்கூடாது. வைப்பர் மோட்டர்கள் பலவற்றில் உடம்பே எர்த் என்பதால், மோட்டரைப் பலகைத் துண்டின் மேல் பொருத்தி, கியர் பொக்ஸோடு ரப்பர் கப்ளிங்கால் இணைப்பதும் அவசியம்.

தட்டைச் சாய்க்க ஒரு கீல் வைத்தால் மேசையின் மதிப்பே கூடிவிடும். 45 பாகையில் சாய்த்தால், பிளேஞ்சும் குழாயும் சேரும் மூலை வாய்க்கால் மாதிரி மேலே திறக்கும். உருகிய இரும்பு வழியாமல் அதிலேயே தங்கும்.

எல்லாக் கடைக்கும் இது தேவையா என்றால், இல்லை. ரொட் வெல்டிங் மட்டும் செய்யும் கடையில் ஆதாயம் குறைவு: ரொட் எரிய எரியக் கை இறங்கியாக வேண்டும், தீர்ந்ததும் நிறுத்தியாக வேண்டும். அங்கே மோட்டரே இல்லாமல் கையால் உருட்டும் தட்டு போதும். கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மிக் மெஷினில்தான் மேசை முழுப் பலன் தரும். டிக் மெஷின் ஹை பிரீக்குவென்சியில் ஆர்க் பிடித்தால் மலிவான கொன்ட்ரோலர் குழம்பிப்போகலாம். அதை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது நல்லது.

முதல் சோதனை ஆர்க் இல்லாமல்தான். குழாயைப் பழைய லேத் சக்கில் பிடித்துச் சுழலவிட்டு, சோக்குத் துண்டொன்றை மெல்லக் கிட்டக் கொண்டுபோனால், நடு விலகிய குழாயில் கோடு ஒரு பக்கம் மட்டும் விழும். அந்தப் பக்கத்தை மரச்சுத்தியலால் தட்டி, கோடு சுற்றிவர விழும்வரை சரிபார்க்க வேண்டும். பிறகு எதிரெதிராக நான்கு புள்ளி ஒட்டு. குழாய் கிடையாகச் சுழலும்போது டோர்ச்சை நேர் உச்சியில் பிடிக்காமல், சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளிப் பிடித்தால், உருகிய இரும்பு உச்சிக்கு வரும்போது உறைந்துவிடும்.