சிறுநீர், குடல் நோய்க் கிருமிகளைக் கண்டறிதல்

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவை அல்ல. எனினும் இரண்டும் தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. பாலக்காட்டின் சித்தூர் வட்டம் வெப்பம் மிகுந்த சமவெளி. இடுக்கியின் மூணாறு, தேவிகுளம் பகுதிகள் தேயிலை விளையும் குளிர்ந்த மலைநாடு. இரு பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் திரளாக வாழ்கின்றனர். ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் மலையேறிச் சென்று மாலையில் திரும்புகின்றனர்.

இவ்வட்டாரங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர் அடிக்கடி காணும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வரும் சிறுநீர்ப் பாதை நோய். மற்றொன்று, பேதி, சீதபேதி முதலிய குடல் நோய்கள். இவற்றிற்குக் காரணமான கிருமி எது என்பதைச் சோதனைச்சாலையே உறுதியாகக் கூற முடியும். ஆயினும் அதன் விடை சரியாக அமைவது, பெரும்பாலும் அதன் வாயிலுக்கு வெளியே நிகழும் செயல்களைப் பொறுத்தது. மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் வழியில் இருந்தது என்பவையே அவை.

ஒரே கிருமியின் இரு முகங்கள்

1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் ஜெர்மன்-ஆஸ்திரிய மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் ஒரு கோல் வடிவக் கிருமியைக் கண்டு விவரித்தார். இன்று எஷெரிக்கியா கோலி என வழங்கும் அக்கிருமி, நலமுடன் வாழும் ஒவ்வொருவர் குடலிலும் இருப்பது. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அதுவே சிறுநீர்ப்பைக்குள் புகுந்துவிட்டால் நோயாகிறது. சிறுநீர்ப் பாதை நோய்களுள் மிகுதியானவற்றிற்கு இதுவே காரணம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகியதாகவும் மலவாய்க்கு அருகிலும் இருப்பதால், அவர்களுக்கு இந்நோய் எளிதில் வருகிறது.

இதே இனத்தில் சில வகைகள் குடலிலேயே நோய் உண்டாக்குவதும் உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய சம்புநாத் டே என்னும் இந்திய விஞ்ஞானி, முயலின் குடலைக் கண்ணி கண்ணியாகக் கட்டி அதனுள் கிருமிகளைச் செலுத்தி ஆராய்ந்தார். சில எஷெரிக்கியா வகைகளும் காலராக் கிருமியைப் போன்றே குடலில் நீரைச் சுரக்கச் செய்வதை 1956-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். கிருமிகளை வடிகட்டி நீக்கிய பின்னரும் காலரா வளர்ப்பு நீர் அதே விளைவைத் தருகிறது என்று 1959-இல் அவர் காட்டினார். பேதிக்குக் காரணம் கிருமி வெளிவிடும் நஞ்சே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஆகவே, ஒரு கிருமியின் பெயரை அறிவது மட்டும் போதாது. அது எவ்விடத்தில், எவ்வளவு, எவ்வகையாக இருந்தது என்பவற்றையும் அறிதல் வேண்டும்.

சிறுநீரில் எண்ணிக்கையின் பொருள்

சிறுநீர் வெளிவரும்போது தோலிலுள்ள கிருமிகள் சிறிதளவு அதில் கலந்துவிடும். அவ்வாறு கலந்தவற்றை நோய்க் கிருமிகளினின்று பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்னும் மருத்துவர் 1956-இல் அதனை வகுத்தளித்தார். ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகள் இருப்பின், அவை வெளியிலிருந்து கலந்தவையல்ல என்று கொள்ளலாம். கருவுற்ற பெண்களிடம் வெளிக்குறி ஏதுமின்றியே இத்தகைய நிலை இருக்கக்கூடும்; கவனியாது விட்டால் நோய் சிறுநீரகம் வரை ஏறலாம். கடுப்பு முதலிய குறிகள் உள்ளவரிடம் இதனினும் குறைந்த எண்ணிக்கையும் பொருளுடையதே.

எண்ணும் முறை எளிது. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொள்ளும் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டின்மேல் தடவுவர். உடல் வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். 100 புள்ளிகள் தோன்றினால், அச்சிறுநீரின் ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமிகள் இருந்தன என்பது கணக்கு.

தட்டின் நிறமும் ஒரு சான்று. பித்த உப்பும், பாலிலுள்ள சர்க்கரையாகிய லாக்டோசும் கலந்த மெக்கான்கி அகாரில், லாக்டோசைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் இளஞ்சிவப்பாக வளரும். எஷெரிக்கியா அவ்வகையினது. கிளெப்சியெல்லாவும் சிவப்பே, ஆனால் கோழை போல் வழவழப்பானது. புரோட்டியஸ் நிறமற்றது, சாதாரண அகாரில் அலையலையாகப் படரும். அது யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் கற்கள் உண்டாகவும் ஏதுவாகிறது. இக்குறிகளுடன் வேதிச் சோதனைகளும் சேரும்போது கிருமியின் பெயர் உறுதியாகும்.

குடல் நோய்க் கிருமிகள்

மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இயல்பாகவே உள்ளன. எனவே இங்கு எண்ணிக்கையால் பயனில்லை. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் குற்றவாளியைத் தேடவேண்டும். சீதபேதி தரும் ஷிகெல்லாவும், சால்மொனெல்லாவும் லாக்டோசைப் புளிக்கச் செய்வதில்லை. ஆகையால் மெக்கான்கி அகாரில் அவை நிறமற்ற புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். காலராக் கிருமி காரத்தன்மையை விரும்புவது. எனவே மாதிரியை முதலில் காரப் பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைத்துப் பெருக்கிய பின், டி.சி.பி.எஸ். என்னும் பச்சை நிற அகாரில் தடவுவர். அங்கு அது மஞ்சள் புள்ளிகளாக வளரும். அதன்பின் உரிய சீரத்துடன் கலந்து, கிருமிகள் திரள்கின்றனவா என்று பார்ப்பர்.

இந்த இறுதிச் சோதனை பற்றி ஒரு படிப்பினை தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலராவை முற்றும் ஒத்த பேதி பரவியது. வேலூரிலும் மதுரையிலும் அத்தகைய நோயாளிகள் காணப்பட்டனர். மஞ்சள் புள்ளிகள் தோன்றின. வேதிச் சோதனைகளும் பொருந்தின. ஆனால் ஓ-1 என்னும் வழக்கமான காலராச் சீரத்துடன் கிருமி திரளவில்லை. ஓ-1 வகை சாராத கிருமிகள் கொள்ளைநோயை உண்டாக்கமாட்டா என்பதே அதுகாறும் நிலவிய கருத்து. பொருந்தவில்லை என்று அவற்றை ஒதுக்கிவிடாமல் ஆய்வாளர்கள் மேலும் ஆராய்ந்தனர். அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது சேராததால், 1993-இல் ஓ-139 என்னும் புது வகையாக அறிவிக்கப்பட்டது. நோயாளியின் படுக்கையருகே கண்டதும் தட்டில் கண்டதும் மாறுபடும்போது, இரண்டையும் மீண்டும் நோக்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

தாமதம் விளைக்கும் இரு பிழைகள்

இடுக்கி மாவட்டத்தில் இருப்புப் பாதை இல்லை. மலையுச்சித் தோட்டத்திலிருந்து புறப்படும் மாதிரி, வளைந்து வளைந்து செல்லும் சாலை வழியே சோதனைச்சாலையை அடைய வேண்டும். இத்தாமதம் சிறுநீரில் ஒரு வகையாகவும், மலத்தில் அதற்கு நேர்மாறாகவும் தீங்கு செய்கிறது.

சிறுநீரில் குற்றமற்ற கிருமி பெருகிவிடுகிறது. ஏற்ற வெப்பத்தில் எஷெரிக்கியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். தோலிலிருந்து கலந்த வெறும் 100 கிருமிகள் 4 லட்சத்தைத் தாண்டும். நோயில்லாதவருக்கு நோய் உண்டென்று விடை வரும். மலைக்குளிரில் இது மெதுவாக நடப்பினும், சமவெளிக்கு இறங்கும் ஜீப்பின் வெப்பத்தில் விரைவுபடும். மலத்திலோ குற்றமுள்ள கிருமி மடிந்துவிடுகிறது. நேரம் செல்லச் செல்ல மலம் அமிலமாகும்போது ஷிகெல்லா விரைவில் அழியும். உலர்ந்தால் காலராக் கிருமியும் அழியும். நோயுள்ளவருக்கு நோயில்லை என்று விடை வரும்.

முதற் பிழையால் வேண்டாத மருந்து கொடுக்கப்படுகிறது. இரண்டாவதால் கொள்ளைநோய் கண்ணில் படாது போகிறது. வேண்டாத மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்கித் தருகிறது. இதனைத் தடுக்கக் கேரள அரசு 2018-ஆம் ஆண்டில் தனிச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஆனால் மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி, கடுப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடும் பழக்கம் சட்டத்தால் மட்டும் மாறக்கூடியதன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும்

களப்பணியாளர் மனத்திற் கொள்ளவேண்டியவை சிலவே. மாதிரியை மருந்து தொடங்குமுன் எடுத்தல் வேண்டும். சிறுநீராயின், தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடிக்குமாறு கூறவேண்டும். வீட்டில் கழுவிய மருந்துப் புட்டி உதவாது. அதனை 2 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். இயலாதெனில் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கலாம், அல்லது போரிக் அமிலம் இட்ட குப்பியைப் பயன்படுத்தலாம். மலமாயின், பஞ்சுக் குச்சியைக் கேரி-பிளேர் ஊடகத்தில் செருகி அனுப்பவேண்டும். எடுத்த நாளும் நேரமும் சீட்டில் தவறாது எழுதவேண்டும். பேதி கண்டவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைச் சோதனை முடிவுக்காக ஒரு நாழிகையும் நிறுத்தலாகாது.

ஆசிரியரின் பணி நோய்க்கு முன்னரே தொடங்குகிறது. தோட்டங்களில் குடிநீரும் கழிப்பிடமும் அமைக்க 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகை செய்தது. இருப்பினும், கொழுந்து பறிக்கும் சரிவில் மறைவிடம் இல்லாத பெண், நீர் அருந்துவதைக் குறைத்து, வந்த சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறாள். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். பள்ளியில் தூய கழிப்பறை இல்லையெனில் அவள் மகளும் அவ்வாறே பழகுகிறாள். பாட நேரத்தில் வெளியே செல்லக் கேட்கும் சிறுமியைத் தடுக்காதிருப்பதும், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் உள்ளதா என்று நாள்தோறும் பார்ப்பதும் எந்தச் சோதனைச்சாலையும் செய்ய இயலாத உதவிகள்.