சர்க்கரையைக் கொழுப்பாக்கும் சின்னஞ்சிறு கரு

வீட்டுப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற நற்செய்தி வந்ததும் இனிப்பு வழங்குவது நம் குடும்பங்களின் வழக்கம். "வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று மூத்தவர்கள் அன்போடு வற்புறுத்துவர். ஆனால் அச்செய்தி நம்மை எட்டுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே, அக்கரு தாயின் சர்க்கரையைக் கையாளத் தொடங்கிவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியே பயணம் செய்து, சுமார் ஆறேழு நாட்களில் கருப்பையின் சுவரில் பதியத் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் அதற்குச் சர்க்கரையின் மீது அவ்வளவு நாட்டமில்லை. கருக்குழாய் நீரிலுள்ள பைருவேட் என்னும் எளிய பொருளே அதன் முதன்மை உணவு. உயிரணுக்கள் பெருகி, நெருங்கி ஒட்டிக்கொண்ட பின்னரே அது சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி எரிபொருளாகிறது. மற்றொரு பகுதி கொழுப்பாகிறது.

கொழுப்பு எதற்கு? ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியுள்ள சவ்வில் கொழுப்பே பெரும்பங்கு. ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் புதிய சவ்வு வேண்டும். ஆகவே சர்க்கரை உடைந்து, இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட துண்டுகளாகிறது. அவற்றை மணிமாலைபோல் கோத்து, 16 கார்பன் அணுக்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை ஒரு நொதி ஆக்குகிறது.

இந்த வேதியியலை விளக்கியவர்களுள் முதன்மையானவர், ஈராக்கின் கர்பலாவில் 1927இல் பிறந்த சாலிஹ் வகீல். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அவருடைய குழுவினர், அந்நொதிக்குரிய மரபணு அறவே இல்லாத எலிக்கருக்களை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். அக்கருக்கள் கருப்பையில் பதியும் முன்பே மடிந்தன. தாயின் உடலில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆயினும் தனக்குரியதைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கரு பிழைக்கவில்லை!

அப்படியாயின் சர்க்கரை மிகுந்தால் நன்மைதானே? இல்லை. நீரிழிவுற்ற தாய் எலிகளின் கருக்கள் தொடக்க நாட்களிலேயே வளர்ச்சியில் பின்தங்குகின்றன. மனிதரிலும், முதல் வாரங்களில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் கருச்சிதைவும் பிறவிக் குறைபாடும் நேரும் வாய்ப்பு கூடுகிறது.

இது நம் பகுதிக்கு அயலான செய்தியன்று. டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை ஊரகத்தில் 9.9, நகரை ஒட்டிய பகுதியில் 13.8, நகரத்தில் 17.8 விழுக்காடு எனத் தெரியவந்தது. ஒருகாலத்தில் வயலும் ஏரியுமாய் இருந்த அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. ஊர் நகரமாகும்போது நோயும் உடன் குடியேறுகிறது.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டுமெனத் தமிழக அரசு 2007இல் ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பர். 140 மில்லிகிராமை எட்டினால் கவனம் தேவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

ஆயினும் கரு உருவான பின் பார்ப்பதைவிட, அதற்கு முன்பே பார்ப்பது மேல். நீரிழிவுள்ள பெண்ணோ, குடும்பத்தில் அந்நோய் உள்ள பெண்ணோ குழந்தைக்கு எண்ணும்போதே மருத்துவரை நாடட்டும். அவளை அழைத்துச் செல்வது கணவரின் கடமை; இனிப்புத் தட்டைச் சற்றே தள்ளி வைப்பது மாமியாரின் அன்பு.