ஓசை அடங்கிய தீவு

அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரின் தென் எல்லையில், ரூஜ் ஆறு டெட்ராய்ட் ஆற்றோடு கலக்குமிடத்தில் ஸக் தீவு அமைந்துள்ளது. இது இயற்கை படைத்த தீவன்று; மனிதன் வெட்டியெடுத்த தீவு.

முன்னாளில் இது நாணல் மண்டிய சதுப்பு நிலமாய்க் கரையோடு ஒட்டிக் கிடந்தது. சாமுவேல் ஸக் என்னும் வணிகர் 1859-ல் இதனை வாங்கி, பின்னர் இங்கே மாளிகையும் எழுப்பினார். ஆனால் ஈரம் அவரை நிலைத்து வாழவிடவில்லை. 1888-ஆம் ஆண்டளவில் நிலத்தின் குறுக்கே கால்வாய் வெட்டப்படவே, அது தீவாயிற்று. 1891-ல் ஸக் அதனை விற்றுவிட்டார். வாங்கியோர் அதனை ஆலைக் கழிவு கொட்டுமிடமாக்க எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரும்பு உருக்கும் ஊது உலைகள் எழுந்தன.

ஆற்றங்கரையில் உலை அமைந்ததன் காரணம் எளிது. இரும்பு உருக்கக் கனிமமும், கற்கரியும், சுண்ணாம்புக்கல்லும் மலைபோல் வேண்டும். அத்தனை பாரத்தையும் குறைந்த செலவில் சுமக்க வல்லது கப்பலே. சுபீரியர் ஏரிக்கரைக் கனிமம் பேரேரிகள் வழியே நேராக உலையின் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. வேலை தேடி ஹங்கேரி நாட்டு மக்கள் பலர் அருகிலுள்ள டெல்ரே பகுதியில் குடியேறினர். அங்கே தங்கள் மொழியில் வழிபடத் திருச்சிலுவை ஆலயத்தையும் எழுப்பினர்.

ஆயினும் உலை, சோற்றை மட்டும் தரவில்லை, புகையையும் தந்தது. 2011-ஆம் ஆண்டளவில், ஆற்றுக்கு அப்பாலுள்ள கனடாவின் வின்ட்சர் நகர மக்கள், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் ஓர் ஆழ்ந்த முழக்கத்தைப் பற்றி முறையிடலாயினர். சிலர் வீட்டுச் சன்னல்களே அதிர்ந்தன. அது பிரமையன்று, உண்மையான ஓசையே என்றும், ஸக் தீவின் ஊது உலைகளிலிருந்து எழுவதாகவே தோன்றுகிறது என்றும் 2014-ல் வெளியான ஆய்வு கூறிற்று.

2019 டிசம்பரில், யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அங்குள்ள உருக்குப் பணிகளின் பெரும்பகுதியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சுமார் 1,500 தொழிலாளருக்கு வேலை பறிபோகலாம் என்னும் அறிவிப்பு விடுக்கப்பட்டது. 2020-ல் ஊது உலைகள் தணிந்தன, முழக்கமும் ஓய்ந்தது.

அன்பு வாசகரே, ஒரு கரையில் மக்கள் நிம்மதியாக உறங்கினர். மறுகரையிலோ அதே அமைதி பல இல்லங்களின் உறக்கத்தைப் பறித்தது. அவ்வுலையில் உழைத்தவனும் குற்றவாளியல்லன். உறக்கம் கேட்டவனும் பகைவனல்லன். பிழைப்பையும் நலவாழ்வையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றையே தேர்ந்துகொள் என ஏழையிடம் சொல்லும் தொழில் முறையையன்றோ நாம் கேள்வி கேட்க வேண்டும்?