இரவு இரண்டு மணிக்கு மூளை சொல்வதை நம்பலாமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் நடத்திய ஒரு தூக்க ஆய்வு 2003-இல் வெளியானது. ஆரோக்கியமான 48 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரை இரவில் எட்டு மணி நேரமும், இன்னொரு பிரிவினரை ஆறு மணி நேரமும், மூன்றாவது பிரிவினரை நான்கு மணி நேரமும் படுக்கவைத்தார்கள். இது 14 நாட்கள் தொடர்ந்தது. நான்காவது பிரிவினருக்கு மூன்று நாட்கள் தூக்கமே கிடையாது. விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி ஒரு சோதனை: எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடமும் இதே வேலைதான். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் அது கவனப் பிசகு.

ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் திறன், இரண்டு வார முடிவில், ஓரிரு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டபோது, முதல் சில நாட்கள் கூடிய மதிப்பெண் பிறகு பெரிதாக ஏறவில்லை. பிசகுகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. அவர்களோ அதைப் பெரும்பாலும் உணரவில்லை.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது என்பேன். அலுவலகத்தில் விளக்கை அணைத்து வீட்டுக்கு அனுப்ப யாராவது இருப்பார்கள். வீட்டு மேசையில் சப்டைட்டில் போடுபவருக்கும், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவருக்கும், பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்பவருக்கும் அப்படி யாரும் இல்லை. ‘இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்’ என்று முடிவெடுப்பது களைத்துப்போன அதே மூளை. தன் களைப்பைச் சரியாக அளக்கும் திறனையும் அது இழந்திருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று சுவிட்சர்லாந்தின் அலெக்ஸாண்டர் போர்பெய் 1982-இல் விளக்கினார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்க அழுத்தம். மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது சேரும் அடினோசினுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மற்றொன்று, நாள் கணக்கில் சுழலும் உடல் கடிகாரம். இரவு முழுக்கக் கண்விழித்தவருக்கு விடிந்ததும் ஒரு தெம்பு வருவது இந்தக் கடிகாரத்தால்தான். விழிப்புக்கான தூண்டுதல் அப்போது ஏறத் தொடங்குகிறது. சேர்ந்த அழுத்தம் துளியும் குறைந்திருக்காது. ‘தூங்காமலேயே சமாளித்துவிட்டேன்’ என்ற நம்பிக்கை பிறக்கும் ஆபத்தான நேரம் அது.

காபியும் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அடினோசின் பற்ற வேண்டிய ஏற்பிகளைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அது பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்த திக்கான டிகாக்‌ஷனில் பாதி, மூன்று மணிக்குப் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் டுரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-இல் காட்டிய கணக்கு இன்னும் கடுமையானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது இரவு பதினொன்று. நம்மில் பலர் அப்போதுதான் ‘இனி யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்’ என்று ஃபைலைத் திறக்கிறோம்!

அந்த நேரத்தில் மொழிபெயர்த்த பக்கங்களை மறுநாள் பார்த்தால் தெரியும். ஒரே பத்தி இரண்டு முறை, இரண்டு விதமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும். அடுத்த பக்கத்தில் ஒரு பத்தியே விடுபட்டிருக்கும். ‘அவள்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘சொன்னான்’ என்று முடியும். இவற்றைத் திருத்தப் பிடிக்கும் காலை நேரத்தை இரவில் மிச்சம் பிடித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாபம் எதுவும் நிற்காது.

தூங்கும் நேரத்தில் வேலையும் நின்றுவிடுவதில்லை. ஜெர்மனியில் யான் போர்னின் குழு 2004-இல் ஓர் எண் புதிரைக் கொடுத்தது. அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. இடையில் எட்டு மணி நேரம் தூங்கியவர்களில் 59 சதவீதம் பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்தவர்களில் ஏறக்குறைய 23 சதவீதம் பேர்தான். தலைப்பு கிடைக்காமல் தவிப்பவரும், நிரலில் பிழை தேடுபவரும் யோசிக்க வேண்டிய கணக்கு.

சரி, கெடுவை என்ன செய்வது? கிளையண்ட் அவசரப்படுத்துவது உண்மைதான். மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்ற பயமும் உண்மை. வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால், பல கெடுக்களை நாமே சொல்கிறோம், அதுவும் குறைத்துச் சொல்கிறோம். ரோஜர் பியூலர் குழுவினர் 1994-இல் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாட்கள். எல்லாமே தடைபட்டால்கூட 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை.

அதனால் தூக்கத்தைப் பற்றிய முடிவை வேலையை ஒப்புக்கொள்ளும் பகல் பொழுதிலேயே எடுத்துவிட வேண்டும். கடைசியாகச் செய்த இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய மின்னஞ்சல்களில் பாருங்கள். அந்த எண்ணை வைத்து, இரவுகளைக் கழித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். நெருக்கடி தவிர்க்க முடியாத நாளில் பிற்பகலில் 20, 25 நிமிடம் கண்ணயர்வது உதவும். நாசா விமானிகளிடம் நடத்திய ஆய்வில் சராசரியாக 26 நிமிடத் தூக்கமே விழிப்புநிலையைக் கணிசமாக உயர்த்தியது. ஆழ்ந்து தூங்கிப் பாதியில் எழுந்தால் மந்தமாக இருக்கும் என்பதால் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை ஃபைலை அனுப்பி ‘திங்கள் காலை வேண்டும்’ என்று கேட்கும்போது, அது அச்சுக்குப் போவது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதன்கிழமை போதும் என்றால் புதன்கிழமை என்றே கேளுங்கள்.