இணைத்தன்மை என்றொரு விஷயம்

அரசாணைகளைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர் எவரேனும் உண்டோ என்னவோ, நான் கண்டதில்லை. ஆனால் ரசாயனத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் நம் பக்கத்து இளைஞர்கள் ஒருவகை அரசாணையை மட்டும் ஸ்லோகம் போல் வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் 'பயன்பாட்டு வேதியியல்' பட்டம், அரசுப் பணியின் பொருட்டு, வெறும் 'வேதியியல்' பட்டத்துக்கு இணையானது என்றோ இணையானதன்று என்றோ உயர்கல்வித் துறை தீர்ப்புச் சொல்லும் ஆணை அது. மாணவர் பேச்சில் அதற்கு 'ஈக்விவலன்ஸ் ஜி.ஓ.' என்று பெயர். அந்தத் தாள் கையில் இருந்தால் மனுப் போடலாம். இல்லாவிட்டால், தனிம அட்டவணையைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவராயினும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நிர்வாகம் என்று ஒன்று நடப்பதற்கு இப்படி ஓர் அளவுகோல் அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் எங்கெங்கே, என்னென்ன படித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று நிதானமாக விசாரித்துப் பார்த்தால், 'இணை' என்னும் இந்தச் சொல்லின் மீதுள்ள நம்பிக்கை சிறிது தளரத்தான் செய்கிறது.

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், நாகமலையின் ஓரமாகப் பல்கலை நகர் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தோன்றி, 1978-இல் காமராசர் பெயரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஸ்தாபனத்துக்கு முதல் துணைவேந்தராக வந்தவர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவர் சட்டம் பயின்று வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, அதன் பிறகு தமிழ்ப் பேராசிரியர் ஆனவர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். அந்நாளில் கன்னியாகுமரி வரையில் இருந்த கல்லூரிகள் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. பின்னர் காரைக்குடியிலும் திருநெல்வேலியிலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது எல்லை சுருங்கிற்று. ஆனால் மாணவர் வந்து சேரும் ஒற்றையடிப் பாதைகள் அவ்வளவு எளிதில் சுருங்கிவிடுவதில்லை.

பல்கலைக்கழகங்களின் ரசாயனத் துறையில் 'குரூப்' என்று சொன்னால் அது ஒரு சிறு குடும்பம். 'கைடு' என்று அழைக்கப்படும் பேராசிரியர் ஒருவர். அவரைச் சுற்றி 'ஸ்காலர்' என்னும் பெயரில் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர். திட்டப் பணிக்கென்று வந்த எம்.எஸ்சி. மாணவர் ஓரிருவர். இரண்டு சங்கீத வித்துவான்கள் சந்தித்தால் 'யாரிடம் சிட்சை?' என்று கேட்டுக்கொள்வது போல, இரண்டு ரசாயனிகள் சந்தித்தால் 'யாரோட ஸ்டூடன்ட்?' என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் குருபரம்பரை வழக்கத்துக்கு மூலபுருஷர் என்று ஜெர்மனியின் கீசன் நகரத்து லீபிக்கைச் சொல்வார்கள். 1824-இல் அவர் அங்கே ஆசிரியராகச் சேர்ந்து, மாணவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் சொல்வதோடு நிறுத்தாமல், கூடத்தில் நிற்கவைத்துக் கையால் வேலை செய்யப் பழக்கினார். அவருடைய சொற்பொழிவைக் கேட்டு மனம் மாறிய இளைஞர்களில் ஒருவர் கெக்குலே. அவர் கீசனுக்கு வந்தது கட்டடக் கலை படிப்பதற்காக. கட்டடத்தை விட்டுவிட்டு அணுக்களை அடுக்கப் புறப்பட்ட அந்த மனிதர்தான் 1865-இல் பென்சீன் மூலக்கூறு ஒரு வளையம் என்று சொன்னார். கணப்பருகே கண்ணயர்ந்தபோது ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்விச் சுழல்வதாகக் கனவு கண்டதில் அந்த யோசனை பிறந்தது என்று அவரே பிற்காலத்தில் ஒரு விழாவில் கூறினார். சமணர் வேள்வியில் எழுந்த பாம்பைப் பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அதுவே மலையாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடற் புராணம் கூறும் நாகமலைக்கு அருகில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் நாள்தோறும் பென்சீன் வளையம் வரைகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு சிரிப்பு வருவதுண்டு. கட்டடக் கலைக்காரருக்குத்தான் அணுக்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வடிவம் கண்ணில் பட்டது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அழகான கதையாகவும் இருக்கலாம்.

இனி நம் பக்கத்துப் பாதைகளைப் பார்ப்போம். ஆராய்ச்சிக்கு வருகிறவர் பொதுவாக முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். 'நெட்' பரீட்சையில் உதவித்தொகைக்குரிய தரத்தில் தேறிவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. எம்.ஃபில். என்ற படிக்கட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. விதிகள் இவ்வளவே. ஆட்களோ விதிகளுக்கு அடங்காத விதவிதமானவர்கள். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கென்று லேடி டோக், பாத்திமா. தெற்கே விருதுநகரிலும் சிவகாசியிலும் வியாபாரச் சமூகத்தார் தம் கைப்பொருளால் எழுப்பிய கல்லூரிகள். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட் என்பது பாடப்புத்தகத்துப் பெயரன்று. தீக்குச்சியின் தலையில் இருப்பது அது, பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ் என்று வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்திருக்கும். வாணத்தில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்பதும் அப்படியே. மதுரையில் சுங்குடிச் சேலை போடும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்ணானால், முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதையும், எந்தச் சாயம் வெந்நீரில் பிடிக்கும், எது கழன்றுபோகும் என்பதையும் பட்டத்துக்கு முன்பே அறிந்தவள். சான்றிதழில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமிலம், காரம், வினைவேகம், ஆக்சிஜனேற்றம் என்று பழகிய நாவுக்கு முதுநிலை வகுப்பில் எல்லாம் திடீரென்று இங்கிலீஷாகிவிடும். முதல் ஆறு மாதம் அந்த மாணவர் வாயைத் திறப்பதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாதென்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆனால் 'அணைவுச் சேர்மம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், நடுவே ஓர் உலோக அணுவும் அதை மற்றவை அணைத்துக்கொண்டு நிற்பதும் அவருக்கு மனக்கண்ணில் தெரிந்துவிடுகிறது. 'காம்ப்ளெக்ஸ்' என்று மனப்பாடம் செய்தவருக்கு அந்தச் சித்திரம் வர நாளாகும். இது என் சொந்த அபிப்பிராயம், மறுப்பவர் மறுக்கலாம்.

முன்னே படித்த படிப்பு ஒருவரிடம் எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் காண வேண்டுமானால் பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பயனில்லை; கையைப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 'டி.எல்.சி.' என்று ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு நாளில் பத்துமுறைகூடச் செய்வார்கள். சுண்டுவிரல் அகலத்தில் வெட்டிய தகடு; அதன்மேல் சிலிக்கா மாவு மெல்லிசாகப் பூசியிருக்கும். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு ஒரு கோடு. கோட்டின்மேல், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலால் நம் சரக்கை ஒரு புள்ளி வைத்து, திரவம் சிறிதளவு ஊற்றிய குப்பிக்குள் தகட்டை நிறுத்தினால், வேட்டி நுனியில் பட்ட ஈரம் மேலேறுவது போலத் திரவம் ஏறும். சரக்கில் கலந்திருப்பவை தத்தம் சுபாவத்துக்கேற்ப வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். பிறகு புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் புள்ளிகள் தெரியும். பௌதிகமோ கணினியோ பயின்றுவிட்டுப் புதிதாக வந்தவர் அந்தக் கோட்டைப் பேனாவால் போட்டுவிடுவார். மையும் ஒரு சாயந்தானே? அதுவும் திரவத்தோடு கிளம்பி, நீலமும் ஊதாவுமாகப் பிரிந்து, தகடு முழுதும் தீட்டிவிடும். கிராமத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து வந்த பெண் ஒன்றும் பேசாமல் ஒரு பென்சிலை எடுத்து நீட்டுவாள். இது ஒரு பக்கம். அதே புதியவர், அவள் மூன்று வாரமாய்த் திணறிக்கொண்டிருந்த ஒரு கணக்கை ஒரு மாலைப் பொழுதில் கணினியில் ஏற்றி முடித்துக் கொடுப்பது இன்னொரு பக்கம். ஒருவருக்கொருவர் இணையில்லாதவர்களாக இருப்பதனால்தான் குரூப் நடக்கிறது.

இப்படிக் கரை கடந்தவர்களில் நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே மேற்கு மலையடியில் உள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அவர் பெற்ற பட்டம் பௌதிகத்தில். ஆனால் அங்கே அவர் பார்த்த முதல் உத்தியோகம் ரசாயனக் கூடத்தில் 'டெமான்ஸ்ட்ரேட்டர்' வேலை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பௌதிகமோ ரசாயனமோ கணிதமோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஒரு சபை நடத்தினாராம். பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று ராமனுடன் சேர்ந்து 1928-இல் ராமன் விளைவைக் கண்டதும், 1940-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும், டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு முதல் டைரக்டரானதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். ராமன் விளைவு பௌதிகத்தின் கண்டுபிடிப்பு. ஆனால் மூலக்கூறுகளை அடையாளம் காணும் கருவியாக அதை அன்றாடம் உபயோகிப்பவர்களில் ரசாயனிகள் மிகப் பலர். இளமையில் ரசாயனக் கூடத்தில் குடுவை கழுவிய அனுபவம் கிருஷ்ணனுக்கு எவ்வளவு உதவிற்று என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. அந்தச் சாப்பாட்டு வேளைச் சபைக்கு வந்தவர்களிடம் நீ எந்த வகுப்பு என்று அவர் கேட்டிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. பரோடாவில் பௌதிகத்தில் பி.எஸ்சி.; 1976-இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம். டாக்டர் ஆன பிறகு, உயிரியல் தெரிய வேண்டுமென்று, கலிபோர்னியாவில் மறுபடியும் மாணவராகி, தம்மைவிட இளையவர்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் அவருக்கு வேறிருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு எதில் என்றால், ரசாயனத்தில்!

மதுரைக்கே திரும்பினால், திருப்பரங்குன்றத்துப் பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரி. பொறியியல் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் என்பவர் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு மறக்கப்படுகிறவர். கடின நீரையும் அரிமானத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர். அங்கே 1975-இல் சேர்ந்த ஆர். வாசுதேவன் அப்படி ஒதுங்கவில்லை. சாலைக்குப் போடும் தாரும், குப்பையில் பறக்கும் பிளாஸ்டிக் பையும் பெட்ரோலியத்தின் வழிவந்த பங்காளிகள் என்பது ரசாயனிக்குத் தெரியும். இரண்டையும் ஒட்டவைத்தால் ஒட்டும் என்பது அதிலிருந்து கிளைத்த யோசனை. அவர் கண்ட முறையில் பிளாஸ்டிக்கை நேரே தாரில் கொட்டுவதில்லை. ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பொடிப்பொடியாய் நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகி, இட்லித் தட்டில் தடவிய எண்ணெய் போல ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. கல்லின் நுண்துளைகள் அடைபடுகின்றன. அதன்பின் ஊற்றும் தார் இறுகப் பற்றுகிறது. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லை. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகுமேயன்றிச் சிதைந்து புகையாவதில்லை. குளோரின் அடங்கிய பி.வி.சி.யை மட்டும் கண்டிப்பாய்ச் சேர்க்கக் கூடாது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் இப்படி அடங்கிவிடும். கல்லூரி வளாகத்திலும், 2002-இல் சென்னையின் ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டுப் பார்த்த இந்த முறை பிறகு தேசமெங்கும் பரவிற்று. 2018-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சாலை போடுவது சிவில் எஞ்சினீயரின் காரியம், ரசாயனிக்கு அங்கே என்ன வேலை என்று யாரேனும் ஆரம்பத்திலேயே எல்லை வகுத்திருந்தால், அந்த ஜல்லி வெறுங்கல்லாகவே கிடந்திருக்கும்.

சான்றிதழ் சரிபார்க்கும் கூடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட மேஜை, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் பேப்பர் வெயிட்டின் கீழ் அடங்கிய தாள்கள், பிளாஸ்டிக் உறைக்குள் தம் வாழ்நாளையே அடுக்கிக்கொண்டு நிற்கும் வரிசை. அந்த வரிசையில், உதவிப் பேராசிரியர், வேதியியல், என்ற உத்தியோகத்துக்கு இன்று கிருஷ்ணன் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பட்டம் பௌதிகம். அவருக்குப் பின்னால் ராமகிருஷ்ணன். அவருக்கும் பௌதிகந்தான், கூட ஒரு நோபல் பதக்கம். மூன்றாவதாக, ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் யாருடைய எண்ணை மனப்பாடம் செய்கிறதோ அந்த அவகாட்ரோ, இத்தாலியில் திருச்சபைச் சட்டத்தில் தாம் வாங்கிய டாக்டர் பட்டத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நிற்கிறார். மேஜைக்கு அந்தப்புறம் இருக்கும் குமாஸ்தா நல்ல மனிதர்; எவரையும் கடிந்து பேசுபவரல்லர். ஒவ்வொரு கோப்பையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்கிறார்:

"ஈக்விவலன்ஸ் இருக்கா சார்?"