அஞ்சாது விடை கூறல்

எழுத்துத் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற இளைஞருள்ளும் சிலர், நேர்காணல் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே உள்ளம் நடுங்குவர். எழுத்துத் தேர்வில் விடை தெரியாத வினாவை விடுத்து, அடுத்த வினாவிற்குச் சென்றுவிடலாம். நேர்காணலிலோ வினவுவோர் எதிரே அமர்ந்திருப்பர். விடையோடு, விடை கூறுவோரின் முகத்தையும் குரலையும் அவர்கள் நோக்குவர். ஆதலின், அங்குக் கேட்கப்படும் கடினமான வினாக்களின் நோக்கம் யாது என அறிந்துகொள்ளுதல் நலம்.

பணிக்கு உரியவரை ஆராய்ந்து தேர்தல் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. இக்காலத்தில் இப்பணியைத் தேர்வாணையங்கள் செய்கின்றன. இந்தியாவில் 1926ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் பணியாளர் தேர்வாணையம் ஒன்று நிறுவப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று. இந்திய ஆட்சிப்பணி முதலிய உயர்பணிகளுக்கு அது நடத்தும் முதன்மைத் தேர்வில், தரவரிசைக்குரிய எழுத்துத் தாள்களுக்கு 1750 மதிப்பெண்களும், ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275 மதிப்பெண்களும் உண்டு.

அந்நேர்காணலின் நோக்கத்தை ஆணையமே தன் அறிவிப்பில் விளக்குகின்றது. பாட அறிவு எழுத்துத் தேர்விலேயே அளக்கப்பட்டுவிடுகின்றது. நேர்காணலில் அளக்கப்படுவன விழிப்பு, தெளிவாக எடுத்துரைக்கும் திறன், நடுநிலை பிறழாத தீர்ப்பு, நேர்மை முதலிய பண்புகளே. அது குறுக்கு விசாரணை அன்று. நோக்கத்தோடு நிகழும் இயல்பான உரையாடலே ஆகும். இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கடினமான வினாக்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். முதலாவது, விடை அறியாத வினா. "அறியேன்" எனப் பணிவோடு கூறுதலே இதற்குத் தக்க விடை. ஒரு பகுதி மட்டும் தெரியுமாயின், தெரிந்ததைத் தெரிந்ததாகவும், ஊகித்ததை ஊகமாகவும் பிரித்துக் கூறல் வேண்டும்.

இவ்வாறு கூறினால் மதிப்பெண் குறையுமே என்று சிலர் கருதலாம். ஒரு மாவட்டத்தில் பெருமழை பொழிகின்றது எனக் கொள்க. ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு என்று மேலதிகாரி நள்ளிரவில் வினவுகின்றார். பணியிலிருப்பவர் அதனை அறியார். "அறியேன், உடனே கேட்டுச் சொல்கின்றேன்" என்பாராயின், சிறிது நேரமே கழியும். அவ்வாறு கூற நாணி, வாய்க்கு வந்த அளவைக் கூறுவாராயின், கரையோரச் சிற்றூர்களில் மக்கள் உறங்கிக் கொண்டிருக்கும்போதே வெள்ளம் புகுந்துவிடும். தேர்வறையில் அறியாமையை மறைப்பவர் பணியிலும் அதனை மறைக்கக்கூடும். வினவுவோர் அஞ்சுவது இதனையே.

இரண்டாவது, தன் குறையைப் பற்றிய வினா. "கல்லூரியில் ஓராண்டு தேர்ச்சி பெறவில்லையே, ஏன்?" என வினவினால், ஆசிரியர்மீதோ சூழ்நிலைமீதோ பழி போடுதல் தகாது. "என் குறை, அளவுக்கு மீறிய உழைப்பு" என்று குறையையே புகழாக மாற்றுவதும் பயன் தராது. அத்தகைய விடைகளை வினவுவோர் பன்முறை கேட்டவர்கள். குறையை ஒப்புக்கொண்டு, அதனைக் களைய மேற்கொண்ட முயற்சியைச் சுருங்கக் கூறுதலே முறை.

மூன்றாவது, இருபுறமும் நியாயம் உடைய வினா. ஓர் ஊருக்கு அணை வேண்டும். அணை கட்டினால் மற்றோர் ஊர் நீரில் மூழ்கும். இத்தகைய வினாவிற்கு விடை கூறுவோர், இரு தரப்பாரின் நன்மை தீமைகளையும் எடுத்துரைத்தபின், தம் முடிவையும் அதன் காரணத்தையும் கூறல் வேண்டும். முடிவே கூறாமல் நழுவுதல் நடுநிலை ஆகாது.

நான்காவது, சினமூட்டும் வினா. "இப்பணிக்கு நீர் தகுதியற்றவர் என்றே தோன்றுகின்றது" என ஒருவர் கூறலாம். அவருடைய குரலுக்கு விடை கூறாமல், பொருளுக்கு மட்டும் விடை கூறுக. தம் தகுதியைச் சான்றுடன் அமைதியாக எடுத்துக்காட்டுக. அவர் காட்டும் காரணம் உண்மையாயின் அதனை ஏற்றுக்கொள்ளுதல் தோல்வி ஆகாது.

எவ்வகை வினாவாயினும், அதனை முழுதும் கேட்டல் வேண்டும். பொருள் விளங்காவிடின் மீண்டும் கூறுமாறு வேண்டலாம். சற்றே எண்ணிப் பார்த்துச் சுருக்கமாகப் பேசி நிறுத்துதல் நன்று.

இத்திறன் ஒரே நாளில் வருவதன்று. வகுப்பறையில் ஆசிரியர் வினவும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிய மாணவன், பின்னாளில் எந்த அவையிலும் தலைநிமிர்ந்து நிற்பான்.